ராத்திரி விருந்தாளிகள்
(ஆண்டுக் கூடல் விழாவில் நிகழ்த்திய உரை)



"ரிட்டயர் ஆயிட்டு என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து பத்துப் பேர் கேட்டுவிட்டீர்கள். ரமணாசிரமம் பகுதியில் குடியிருக்கிறேன், ராத்திரியில் அந்துப்பூச்சி பார்க்கிறேன் என்றால் சிரிக்கிறீர்கள். செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். சிரித்தவர்களுக்காகவே பேசுகிறேன்!

அந்து என்றதும் அரிசி டின்னில் பறக்குமே, அதை நினைக்காதீர்கள். நான் சொல்வது உள்ளங்கையை மறைக்கிற ஜாதி. போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி, "தம்பி, மாடிப்படியில வௌவால் பூந்திடுச்சு, வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஆந்தை அந்து. விரித்த சிறகு 12 சென்டிமீட்டர் இருக்கும். கபில நிறம், முன்சிறகு ஒவ்வொன்றிலும் முழித்துப் பார்க்கிற மாதிரி ஒரு கண். பகலில் இருட்டான சுவரிலும் மரத்தடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடையாளம் காண்பது கஷ்டமே இல்லை. முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். இறகு மாதிரி விரிந்திருந்தால் பெரும்பாலும் பட்டு அந்துக் குடும்பம். நூல் மாதிரி இருந்தால் ஆந்தை அந்து போன்றவை. அடுத்து சிறகு. நாலு சிறகிலும் வட்டமாகக் கண்ணாடி பதித்த மாதிரி இருந்தால் அது டசர் பட்டு அந்து. வெளிர்பச்சை நிறமும் பின்சிறகில் நீண்ட வாலும் இருந்தால் நிலா அந்து. முன்சிறகு நுனி பாம்புத்தலை போல வளைந்து, நடுவில் முக்கோணக் கண்ணாடி இருந்தால் அட்லஸ் அந்து. ஆனால் அதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போகவேண்டும். எங்கள் வறண்ட மலையில் தேடிப் பயனில்லை.

கடைசியாக மரம். மரம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டசர் புழுவுக்கு மருதும் இலந்தையும். கிளையில் காம்பு வைத்துத் தொங்கும் கெட்டியான கூடு, சின்ன முட்டை போல இருக்கும். நிலா அந்துவின் புழுவுக்கு ஒதியமரம். அரளியிலும் நந்தியாவட்டையிலும் தலைப்பக்கம் இரண்டு நீலக் கண்ணோடு ஒரு பச்சைப் புழு இருந்தால், அது அழகான பச்சை அரளி அந்துவாக மாறப்போகிறது.

இந்தப் படிப்புக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர்தான் 1892 முதல் 1896 வரை இந்திய அந்துகளைப் பற்றி நான்கு தொகுதிகள் வெளியிட்டார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அட்லஸ், நிலா, டசர் மூன்றுக்கும் சிறகு முளைத்தபின் சாப்பிட வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதுதான் கடைசிவரை சேமிப்பு. நம்ம பாஷையில் சொன்னால் பி.எஃப். பணம்! ஒரு வாரம், பத்து நாள்தான் ஆயுசு. அதற்குள் ஜோடி தேடி, முட்டை இட்டாகணும். பெண் விடும் வாசனையைப் பிடித்து ஆண் இருட்டில் வரும். பிரான்சில் ஃபாப்ர என்ற பூச்சி அறிஞர் வீட்டில் பெரிய மயில் அந்து ஒன்று கூட்டிலிருந்து வெளிவந்த அன்றிரவே சுமார் 40 ஆண் அந்துகள் தேடி வந்துவிட்டனவாம்.

அந்த வழியில்தான் நம் விளக்கு குறுக்கே நிற்கிறது. விட்டில் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு விழுகிறது என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். 2024-ல் வேகக் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள் வேறு காரணம் சொன்னார்கள். பறக்கும் பூச்சிகள் பலவும் முதுகை வெளிச்சப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். காட்டில் வெளிச்சம் என்றால் வானம். அதனால் நேராகப் பறக்கும். நாம் வாசலில் பல்பு போட்டால் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் அங்கேயே சுற்றும். ஏழு ராத்திரி வாழ்கிற உயிருக்கு ஒரு ராத்திரி போனால், எழுபது வயசுக்காரருக்குப் பத்து வருஷம் போன கணக்கு.

பசுவுக்கும் மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் சமாதி கட்டியிருக்கிற ஆசிரமம் எங்களுடையது. ஒரு பூச்சிக்காகப் பேசுவது அங்கே அதிசயமில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை விளக்கை அணைக்கச் சொல்லமாட்டேன், ஜனங்கள் நடக்கவேண்டும். மொட்டைமாடி விளக்கும் தோட்டத்து விளக்கும் ராத்திரி முழுக்க யாருக்காக எரிகின்றன?

நானும் வெள்ளை வேட்டி கட்டி விளக்கு வைத்துத்தான் பார்க்கிறேன். ஒரு மணி நேரம், பக்கத்தில் தீப்பெட்டி வைத்து அளவு தெரிய ஒரு போட்டோ, அப்புறம் அணைத்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அரளியில் புழு கண்டால் மருந்து அடிக்காமல் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மழை விட்ட ராத்திரியில் எங்கள் தெருவுக்கு வாருங்கள்; காபி என் செலவு.