குழந்தைகளின் கைக்கு நூல்கள் சேரட்டும்
(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விதை நெல்லைப் பத்தாயத்தில் இட்டுப் பூட்டிவிட்டு, அதைக் காப்பாற்றிவிட்டோம் என்று எந்த உழவரும் மகிழ்வதில்லை. பருவத்தில் வயலில் இறங்காத விதை முளைக்கும் திறனை இழந்துவிடும் என்பதை அவர் அறிவார். ஆனால் தொடக்கப் பள்ளிகளிலுள்ள கதைப் புத்தகங்களை மட்டும் பல ஊர்களில் நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். குழந்தைகள் கிழித்துவிடுவார்கள், இருப்புக் கணக்கில் குறைவு வரும் என்ற அச்சத்தால் அலமாரி பூட்டியே கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறப்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எழுத்துகளைக் கற்பது வேறு; வாசிப்பில் விருப்பம் கொள்வது வேறு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையின் கவனம் முழுவதும் எழுத்திலேயே செலவாகிறது. வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகிறது. எளிய நூல்கள் பலவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்தால்தான் தடையின்றி வாசிக்கும் பழக்கம் வரும். அப்பொழுதுதான் பொருள் விளங்கும். பொருள் விளங்கிய பின்னரே சுவை பிறக்கும். இதற்குப் பாடப் புத்தகம் மட்டும் போதாது. மேலும், வீட்டில் 'வந்துட்டாரு' என்று பேசும் குழந்தை ஏட்டில் 'வந்துவிட்டார்' என்று காண்கிறது. பெரியவர்கள் கதையை உரக்க வாசித்துக் காட்டினால், ஏட்டு நடையும் அதன் செவிக்குப் பழகிவிடும்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள் 1931-ஆம் ஆண்டில் நூலகத்திற்கென ஐந்து விதிகளை வெளியிட்டார்கள். நூல்கள் பயன்பாட்டிற்கே உரியவை என்பதே அவற்றுள் முதலாவது. அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார்கள். 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. ஆகவே, நூலகம் எவரோ அளித்த தானமன்று. நம் வரிப் பணத்தில் நடப்பது. 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ்க் கிராமப் பஞ்சாயத்துகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன. 2023-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென வாசிப்பு இயக்கம் தொடங்கி, 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' எனத் தரம் பிரித்த சிறு நூல்களும் வெளிவந்தன. நூல் இல்லை என்பதைவிட, இருக்கும் நூல் குழந்தையின் கைக்குச் சேரவில்லை என்பதே பெருங்குறை.

நாம் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவில் பஞ்சாயத்து அங்கத்தினருக்கும் இடம் உண்டு. அங்கே பேசி, ஒவ்வொரு குழந்தையும் வாரம் ஒரு நூலைத் தானே தேர்ந்து வீட்டிற்கு எடுத்துச் செல்ல வழி செய்யுங்கள். கணக்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே அதை எழுதுவார்கள். கிழிந்த நூலுக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்காதீர்கள். கொழு தேய்ந்திருந்தால் நிலம் உழப்பட்டிருக்கிறது என்றே பொருள்.

இரண்டாவதாக, பள்ளி விட்ட பிறகு, மாலையில் பஞ்சாயத்து நூலகம் திறந்திருக்க வேண்டும். குழந்தைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் மட்டும் திறந்து வைப்பதால் அவர்களுக்குப் பயனில்லை. சிறுவர் நூல்கள் அவர்கள் கைக்கு எட்டும் தட்டில் இருக்கட்டும். உட்காரப் பாயும் நல்ல விளக்கும் இருக்கட்டும்.

மூன்றாவதாக, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்று நட்டும் களையெடுத்தும் களைத்து வந்தாலும், இரவில் கால் மணி நேரம் குழந்தை வாசிப்பதைக் கேளுங்கள். கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. பிழைகளைத் தேடாதீர்கள், பரீட்சை வைக்காதீர்கள். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஆவலே குழந்தையை அடுத்த பக்கத்திற்கு அழைத்துச் செல்லும்.

இன்று கதையை விரும்பி வாசிக்கும் குழந்தைதான், நாளை பூச்சி மருந்துப் புட்டியின் எச்சரிக்கையையும், பட்டாவையும், கடன் பத்திரத்தையும் பிறர் துணையின்றிப் படித்தறிந்து கையெழுத்திடும். ஆகவே, அடுத்த பள்ளிக் கூட்டத்தில் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசுமுன், "இந்த வாரம் எத்தனை நூல்கள் வீட்டிற்குச் சென்றன?" என்று கேளுங்கள். அதற்கு நல்ல விடை கிடைக்கும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.