வரைந்தவர் யார்?

(நூற்றாண்டு விழாவையொட்டி, கீரிமலையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் மலர்க்குழுவினர் ஆற்றிய உரை)



கேணியில் கால் நனைத்துவிட்டு வந்திருக்கும் உங்களை அதிகநேரம் இருத்தி வைக்க மாட்டோம். ஒரு சித்திர ஆசிரியரைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றோம்.

எமேர்சன் ரெனன்ற் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1859இல் இரண்டு பாகங்களாக லண்டனில் வெளிவந்தது. ரெனன்றைப் பலரும் அறிவர். அந்நூலின் படங்கள் சிலவற்றை வரைந்தவரை யாம் தேடிப் பார்த்தோம். அவர் அன்ட்ரூ நிக்கல். 1804இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் பிறந்தவர். அச்சகத்தில் தொழில் பழகி ஓவியரானவர். 1846இல் கொழும்பு அக்கடமிக்கு, அதாவது இன்றைய றோயல் கல்லூரிக்கு, சித்திரம் கற்பிக்க வந்தார். 1848இல் ஐந்து வாரம் காடுகளூடாகச் சென்று பழைய நகரங்களின் இடிபாடுகளை வரைந்தார். அவரிடம் பயின்ற வன் டோர்ட், பின்னர் இந்நாட்டு மக்களின் வாழ்வை வரைந்து புகழ்பெற்றார். நிக்கல் 1886இல் லண்டனில் காலமானார்.

அவரைத் தேட ஏடுகள் இருந்தன. எங்கள் சித்திர ஆசிரியைகளைத் தேட என்ன இருக்கிறது? நாடகத் திரைகளும் விழா மலர் அட்டைகளும் அவர்கள் கைவண்ணமே. 1990 இடப்பெயர்வில் பெரும்பாலானவை போய்விட்டன. எஞ்சிய மூன்று படங்களில் கையொப்பமில்லை. “யார் கீறியது?” என்று கேட்டோம். மூத்த அக்கா ஒருவருக்கே தெரிந்திருந்தது.

ஆகவே, சகோதரிகளே, வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறத்தில், வரைந்தவர் பெயரையும் ஆண்டையும் இன்றே பென்சிலால் எழுதிவையுங்கள். அக்கா சொன்ன பெயரை நாம் எழுதிவிட்டோம்.