மரக்கவிகளும் மின்கம்பிகளும்

(திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களைத் தொகுத்துக் கூறும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் அந்நிலத்து மக்களின் தொழிலையும் சேர்த்தே சொல்கிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்து பிறகு மறந்துவிடுகிற பட்டியல்தான். ஆயினும் அதில் ஒரு கூரிய பார்வை அடங்கியிருக்கிறது. இயற்கை, உழைப்பு, கலை மூன்றும் அங்கே ஒரே மண்ணிலிருந்து முளைத்தவையாக நிற்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்தது முதலாளித்துவமே. காடு அதற்கு மூலப்பொருள்; உழைப்புச் சக்தி (உழைப்பு அல்ல, உழைப்புச் சக்தி) அதற்குச் சரக்கு; கலையோ ஓய்வு கிடைத்தவர்களுக்கான பொழுதுபோக்கு.

மனிதக் குரங்கு மனிதனாக மாறிய போக்கில் உழைப்பு ஆற்றிய பங்கைப் பற்றி 1876இல் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாமல் விட்ட கட்டுரையில் எங்கெல்ஸ், மெசபடோமியாவிலும் கிரேக்கத்திலும் விளைநிலத்துக்காகக் காடழித்தவர்கள் அந்நாடுகளின் வறட்சிக்கு அடித்தளமிட்டதை எடுத்துக்காட்டுகிறார். கியூபாவின் மலைச்சரிவுகளில் காட்டை எரித்துக் காப்பி பயிரிட்ட ஸ்பானிய முதலாளிகளுக்கு ஒரு தலைமுறை இலாபம் போதுமானதாக இருந்தது. பின்னர் மழை மண்ணை அடித்துச் சென்று வெறும் பாறையை விட்டுவைத்ததைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. உடனடி இலாபத்துக்கான உற்பத்தி முறையே இந்தக் குருட்டுத்தன்மைக்குக் காரணம் என்பது எங்கெல்ஸின் முடிபு.

வகுப்பறையில் இதை ஏற்பது எளிது. கேரளத்து இடதுசாரிகளின் முன் இதே கேள்வி நடைமுறையில் வந்து நின்றபோது அது அவ்வளவு எளிய வடிவில் வரவில்லை.

பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை பாயும் மழைக்காடு, சைலன்ட் வேலி எனப்படும் அமைதிப் பள்ளத்தாக்கு. அங்கே சைரந்திரியில் 131 மீட்டர் உயர அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. சுமார் 830 ஹெக்டேர் காடு நீரில் மூழ்கும். மறுபுறம், தொழில் வளர்ச்சியில் பின்தங்கிய மலபார் இருந்தது. அங்கே மின்சாரம் வேண்டும், தொழிற்சாலை வேண்டும், வேலை வேண்டும். முதலாளிகளின் கட்சிகள் மட்டுமல்ல, இடதுசாரிக் கட்சிகளும் திட்டத்தை ஆதரித்தன. குரங்கு பெரிதா மனிதன் பெரிதா என்ற கேள்வி மேடைகளில் எழுந்தது; அங்கு வாழும் சிங்கவால் குரங்கைக் குறித்த கேலி அது. அன்று திட்டத்தை ஆதரித்தவர்களை மக்கள் விரோதிகள் என்று இன்று எழுதுவது வரலாறாகாது. ஏழையின் வீட்டில் விளக்கெரிய வேண்டும் என்ற விருப்பம் நேர்மையானது. கேட்கப்படாமல் இருந்த கேள்வி வேறு: அந்த விளக்கு எரிவதற்கு இந்த அணை ஒன்றுதான் வழியா?

அதைக் கேட்டது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். அறிவியலைத் தாய்மொழியில் எழுதுவதற்காக 1962இல் தோன்றி, 1974இல் அறிவியல் சமூகப் புரட்சிக்கே என்ற முழக்கத்தை ஏற்ற அமைப்பு அது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இடதுசாரி மனப்பாங்கு உடையவர்கள். ஆகவே இந்த விவாதம் வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு அல்ல. குடும்பத்துக்குள் எழுந்த வாதம். பரிஷத்துக்குள்ளேயும் கருத்து ஒன்றாக இல்லை. தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் காட்டின் பக்கம் நின்று எழுதத் தொடங்கியபோது அவருடன் நின்றவர் சிலரே.

1979இல் பரிஷத் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. பிரசாத், எம்.பி. பரமேஸ்வரன், வி.கே. தாமோதரன், சியாமசுந்தரன் நாயர், கே.பி. கண்ணன் என ஐவர் அதன் ஆசிரியர்கள். தாவரவியல், பொறியியல், வேளாண்மை, பொருளாதாரம் ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்கள். அரிய உயிரினங்களைப் பற்றிய கவலையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மின்சாரத்தின் கணக்கையே எடுத்து விரித்தார்கள். கேரளம் அப்போது அண்டை மாநிலங்களுக்கு மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தது. மலபாருக்குப் போய்ச் சேராததற்குக் காரணம் உற்பத்திக் குறைவு மட்டுமல்ல. கொண்டுசெல்லும் மின்கம்பிப் பாதைகளின் போதாமையும் ஆகும். மலபாரின் ஏழையை முன்னிறுத்தியே பேசிய ஒரு வாதத்துக்கு, அந்த ஏழையை விட்டுவிடாமலேயே பதில் சொன்ன ஆவணம் அது. சுற்றுச்சூழல் பற்றிப் பேசும் தோழர்கள் முதலில் கற்க வேண்டிய முறை இதுவே.

ஆனால் கணக்கு மட்டும் மக்களிடம் போய்ச் சேராது. சுகதகுமாரி, ஓ.என்.வி. குறுப்பு, வைலோப்பிள்ளி, அய்யப்பப் பணிக்கர் முதலிய கவிஞர்கள் களத்துக்கு வந்தார்கள். சுகதகுமாரி மரத்தைப் போற்றி எழுதிய கவிதை கூட்டங்களில் படிக்கப்பட்டது. 'மரக்கவிகள்' என்று அவர்களை ஏளனம் செய்தார்கள்; அவர்களோ அந்தப் பெயரோடே ஊர் ஊராகப் போனார்கள். 1952இல் கே.பி.ஏ.சி. அரங்கேற்றிய 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்துக்குப் பாட்டெழுதியவர் இதே ஓ.என்.வி. என்பதை ஏளனம் செய்தவர்கள் மறந்திருக்கக் கூடும். விவசாயத் தொழிலாளியின் விடுதலையைப் பாடிய குரலே காட்டுக்காகவும் பாடியது. அதில் முரண்பாடு ஏதும் இல்லை.

பரிஷத்தின் முதல் சாஸ்திர கலா ஜாதா 1980இல் புறப்பட்டது தற்செயலன்று. தெருமுனையில் பாட்டாகவும் நாடகமாகவும் அறிவியல் பேசப்பட்டது. தமிழ்நாட்டு அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்களில் பங்கேற்ற தோழர்களுக்கு அதன் வேர் எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

முடிவு அனைவரும் அறிந்ததே. எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. இதை இந்திரா காந்தியின் தனிப்பட்ட அக்கறை என்று மட்டும் எழுதுவோர் உண்டு. அந்த அக்கறை உண்மைதான். அதைக் கட்டாயமாக்கியது இங்கே திரண்ட கருத்து.

இயக்கத்தின் குறையையும் சொல்ல வேண்டும். காட்டுக்காகக் கவிதை படித்த கேரளம், அதை ஒட்டியிருக்கும் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் இழந்த நிலத்துக்காக அதே வேகத்தில் திரளவில்லை. பறிபோன ஆதிவாசி நிலங்களை மீட்டளிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்தது. மரத்துக்குக் கிடைத்த நீதி மனிதனுக்குக் கிடைக்கவில்லை. இடதுசாரிகள் இதைத் தம் கணக்கிலும் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த வகுப்பு நடக்கும் நகரத்துக்கு வருவோம். 2024 ஜூலையில், தம்பானூர் இரயில் நிலையத்துக்கு அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டைத் துப்புரவு செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பெருக்கெடுத்த நீரில் காணாமற்போனார். இரண்டு நாள் தேடலுக்குப் பின்னரே உடல் கிடைத்தது. அந்தப் பகுதியைச் சுத்தம் செய்யும் பொறுப்பு இரயில்வேக்கா மாநகராட்சிக்கா என்ற தகராறு தேடல் முடியும் முன்பே தொடங்கிவிட்டது. அந்தத் தோட்டில் அடைந்திருந்த பிளாஸ்டிக் குப்பை நகரத்தார் அனைவரும் போட்டது. அதை அள்ள இறங்கியவரோ ஒரு கூலித் தொழிலாளி. இயற்கையோடு மனிதனுக்குள்ள உறவு மனிதனோடு மனிதனுக்குள்ள உறவின் வழியாகவே அமைகிறது என்று மார்க்சியம் கூறுவதற்கு இதைவிட நெருக்கமான சான்று தேட வேண்டியதில்லை.

ஸ்ரீவராகத்திலும் கோயிலையொட்டிப் பெருங்குளம் ஒன்று இருக்கிறது. குளம் என்றால் அதற்கு நீர் வரும் வழியும் போகும் வழியும் உண்டு. அவற்றின்மேல் வீடும் கடையும் சாலையும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரியில், பரிஷத் தொண்டர்கள் புவி அறிவியல் ஆய்வு மையத்தின் அறிவியலாளர்களோடு சேர்ந்து ஊர் முழுதும் நடந்து மண்ணையும் நீரையும் வரைபடமாக்கினார்கள். பள்ளிக்கூடம் முடித்த இளைஞர்கள் செய்த வேலை அது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்கு அத்தகைய அனுபவங்களே முன்னோடி. இங்குள்ள தோழர்களில் குளக்கரையில் வளர்ந்தவர்கள் உண்டு, மாநகராட்சியில் வேலை செய்பவர்கள் உண்டு, பாட்டெழுதுபவர்கள் உண்டு. மழைக்காலத்துக்கு முன்பாகச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத் தெருவாக நடந்து, குளத்துக்கு நீர் எவ்வழி வருகிறது, எங்கே அடைபடுகிறது, அடைப்பை எடுக்க யார் இறக்கப்படுகிறார், அவருக்கு என்ன கூலி, என்ன பாதுகாப்பு என்று குறித்துவிடலாம். அந்தப் படத்தை வார்டு சபையில் வைக்கும்போது, கூடவே ஒரு தெருநாடகமும் இருந்தால் கூட்டம் சேரும்.