கடல் மயக்கமும் கப்பலின் ஆட்டமும்



நாவுல என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டதும் எவருக்கும் கடல் நினைவுக்கு வருவதில்லை. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே, நாலந்தவுக்கு வடக்கே, மலைகள் தாழ்ந்து வறண்ட வலயம் தொடங்கும் இடத்தில் அமைந்தது அவ்வூர். இலங்கைத் தீவின் நடுப்பகுதி அதுவே என்று சொல்வதும் உண்டு. ஆயினும், தமிழரின் கடற்பிரயாணத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் நாவுலவை ஒதுக்கிவிட்டுப் பேசுதல் இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். வடக்குப் பாதை என வழங்கிய அவ்வழி நாவுல ஊடாகவே சென்றது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையில் நிறைவெய்திய நடைபயணம், அந்தப் பழைய வழியை மீண்டும் மக்கள் மனத்திற்குக் கொண்டுவந்தது.

காட்டுவழியில் அத்தொழிலாளர் பட்ட துன்பம் பலராலும் பேசப்பட்டுள்ளது. பசியும் காய்ச்சலும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே வீழ்த்தின. ஆனால், அந்த நடை தொடங்குவதற்கு முன்பே அவர்கள் ஒரு கடலைக் கடந்திருந்தனர் என்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை. உழவுநிலத்தை விட்டு அதற்குமுன் அகலாதவர்கள், நெருக்கி ஏற்றப்பட்ட பாய்மரத் தோணிகளில் முதன்முறையாகக் கடலின் ஆட்டத்தை அறிந்தார்கள். அந்த ஆட்டம் மனித உடலை என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கடல் மயக்கம் வருமுன் சில அடையாளங்கள் தோன்றும். முதலிற் கொட்டாவியும் சோம்பலும் வரும். பின்னர் முகம் வெளிறும். நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பும். வாயில் உமிழ்நீர் ஊறும். அதன்பின் ஓங்காளமும் சத்தியும் தொடரும். தலையைத் தூக்கவும் மனமிராது. பக்கத்தில் இருப்பவர் உண்ணும் உணவின் வாசனையே பகையாகிவிடும். இந்நிலையில் இருப்பவரைப் பார்த்து, மனத்திடம் இல்லாதவர் என்று சிரிப்போர் அன்றும் இருந்தனர்; இன்றும் இருக்கின்றனர்.

அச்சிரிப்புக்கு ஆதாரம் இல்லை. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன், சிறுவயதிலேயே கப்பலேறித் தம் வாழ்நாளைக் கடலிற் கழித்தவர். கடல் மயக்கம் அவரை இறுதிவரை விட்டபாடில்லை. இயற்கை அறிஞர் சார்ள்ஸ் டார்வின், 1831ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் 1836ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை பீகிள் என்னும் கப்பலிற் சென்றபோது, அந்த ஐந்தாண்டுகளிலும் இதே துன்பத்துக்கு ஆளானார். நெல்சனிடம் வீரம் குறைவு என்றோ, டார்வினிடம் உறுதி குறைவு என்றோ எவரும் சொல்லத் துணியார். ஆகவே காரணத்தை மனத்தில் அன்று, உடலிலேயே தேடுதல் வேண்டும்.

அக்காரணம் காதினுள் இருக்கிறது. செவியின் உட்பகுதியில் கேட்டலுக்கு வேண்டிய உறுப்போடு, உடலின் நிலையை உணர்த்தும் உறுப்புகளும் உள்ளன. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் நீர் நிறைந்து இருக்கின்றன. தலை திரும்பும்போது அந்நீர் பின்தங்கி அசைவதனால், எத்திசையில் திரும்பியது என்பதை மூளை அறிகிறது. அவற்றுக்கு அருகே இரண்டு சிறு பைகள் உள்ளன. அவற்றிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள், உடல் மேலே எழுகிறதா, கீழே இறங்குகிறதா, சாய்கிறதா என்பதைச் சொல்லுகின்றன. இவ்வுறுப்புகளின் ஆராய்ச்சிக்காக ரொபேர்ட் பாரானி என்ற மருத்துவருக்கு 1914ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

கப்பலின் அறைக்குள் அமர்ந்திருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சுவர், மேசை, விளக்கு யாவும் அவரோடு சேர்ந்தே அசைகின்றன. ஆகவே அவருடைய கண், எதுவும் அசையவில்லை என்று சாட்சி சொல்லுகிறது. காதோ, எழுகிறோம், தாழ்கிறோம், சாய்கிறோம் என்று சொல்லுகிறது. ஒரே விடயத்தில் இரு சாட்சிகள் முரண்படும்போது நீதிபதி தடுமாறுவதைப் போல மூளை தடுமாறுகிறது. அத்தடுமாற்றத்தின் வெளிப்பாடே கடல் மயக்கம். உட்காதின் இவ்வுறுப்புகள் செயலிழந்த செவிப்புலனற்றோருக்குக் கடல் மயக்கம் வருவதில்லை என்பதை வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1882ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அப்படியானால், கடலில் மயங்குபவர் குறையுடையவர் அல்லர். அவருடைய காது தன் கடமையைச் சரிவரச் செய்கிறது என்பதே உண்மை.

மூளை தடுமாறினால் வயிறு ஏன் குமட்ட வேண்டும் என்ற வினா எழலாம். நச்சுப்பொருளை உண்டவருக்கும் கண்ணும் காதும் முரண்படும். ஆகவே முரண்பாட்டை உணர்ந்த மூளை, நஞ்சு உட்சென்றதாகக் கருதி வயிற்றை வெறுமையாக்குகிறது என்று ட்ரைஸ்மன் என்ற அறிஞர் 1977ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். அது முடிந்த முடிபு அன்று. எனினும் சிந்திக்கத் தக்கது.

இனி, கப்பல் எவ்வாறு அசைகிறது என்பதைக் காண்போம். அதற்கு ஆறுவகை அசைவுகள் உண்டு. தொட்டிலைப் போல வலமும் இடமுமாகச் சாய்வது உருளல். கிணற்றடித் துலாவைப் போல முன்பகுதியாகிய அணியம் எழும்போது பின்பகுதியாகிய அமரம் தாழ்வதும், அமரம் எழும்போது அணியம் தாழ்வதும் இன்னொன்று. முகம் ஒருபுறமும் மறுபுறமும் திரும்புவது மூன்றாவது. இவை மூன்றும் சுழற்சி அசைவுகள். கப்பல் முழுவதும் முன்னும் பின்னும் உந்தப்படுவதும், பக்கவாட்டில் நகர்வதும், அலையின் மேல் ஒருசேர எழுந்து இறங்குவதும் ஏனைய மூன்று.

இவற்றுள் வயிற்றை மிகவும் கலக்குவது மேலெழுந்து கீழிறங்கும் அசைவேயாகும். அதிலும் வேகமான அசைவு அத்துணைத் தீமை செய்வதில்லை. நடக்கும்போது மனித உடல் விநாடிக்கு ஏறக்குறைய இருமுறை எழுந்து தாழ்கிறது; அதனால் எவருக்கும் குமட்டுவதில்லை. ஒருமுறை எழுந்து தாழ்வதற்கு ஐந்து அல்லது ஆறு விநாடிகள் ஆகுமாயின், அந்த மெதுவான அசைவே பலரையும் வீழ்த்துகிறது. 1970களில் நடத்தப்பட்ட பரிசோதனைகள் இதனை உறுதிப்படுத்தின.

இடத்தைப் பொறுத்தும் துன்பம் மாறுபடும். 100 மீற்றர் நீளமுள்ள கப்பலொன்று துலாவைப் போல 2 பாகை மட்டுமே அசைந்தாலும், அணியத்தில் நிற்பவர் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மீற்றர் உயர்வார்; சில விநாடிகளில் அதேயளவு தாழ்வார். கப்பலின் நடுவில் இருப்பவரோ அந்த அசைவினால் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருப்பார். உயர்ந்த தட்டுகளில் உருளல் மிகுதி. தாழ்ந்த தட்டுகளிற் குறைவு. எனவே கப்பலின் நடுவிலும், நீர்மட்டத்திற்கு அருகிலும் உள்ள இடமே நல்ல இடம்.

இந்த அறிவோடு தமிழர் கடந்த கடல்வழிகளை நோக்குதல் பயனுடைத்து. பாக்கு நீரிணை ஆழமற்றது. ஆழமற்ற கடலில் காற்று எழுப்பும் அலைகள் குறுகியவையாயும் செங்குத்தானவையாயும் அடுத்தடுத்து வரும். சிறு தோணி ஒவ்வோர் அலையிலும் ஏறி இறங்கியே செல்ல வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சென்ற நீராவிக் கப்பல்களின் நிலை வேறு. அவை தென்கிழக்கு நோக்கிச் சென்றன. சோளகக் காற்றுக் காலத்தில் தென்மேற்கிலிருந்து வரும் பேரலைகள் அவற்றின் வலப்பக்கத்தில் குறுக்காக மோதின. ஆகவே அங்கு உருளல் மிகுந்தது. திறந்த தட்டில் இரவைக் கழித்த பிரயாணிகளுக்கு உறக்கமும் இல்லை, ஓய்வும் இல்லை.

1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியபின், கடலிற் செல்லும் நேரம் மிகவும் குறைந்தது. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த வழியும் அதனோடு முடிந்தது.

இவ்வழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு கொடுமை உண்டு. ஆட்டத்திற்கு உடல் பழகப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். மாலுமி அடையும் பழக்கம் அவ்வாறு வருவதே. ஆனால் சில மணிநேரமோ ஓரிரவோ நீடிக்கும் பிரயாணம், துன்பத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டு, பழக்கம் வருமுன்னரே முடிந்துவிடுகிறது. சத்தியினால் உடலின் நீரும் உப்பும் இழக்கப்படும். கரையில் இறங்கிய பின்னும் தரை ஆடுவது போன்ற உணர்வு சிலருக்குச் சில மணிநேரம் இருக்கும். அந்நிலையில் இறங்கியவர் இளைப்பாறி, நீர் அருந்தி, உறங்கினால் விரைவில் தேறுவார். மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளருக்கு முன்னே இருந்ததோ, நல்ல நீர் அரிதான காட்டில் பல நாள் நடை. கப்பலின் நடுவில் இடம் தெரிவு செய்யவும், காற்றோட்டமான பக்கத்தில் அமரவும் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. அவர்களுடைய துன்பத்தின் பெரும்பகுதி கடல் கொடுத்தது அன்று. ஏற்றிய முறை கொடுத்தது.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் திகதி சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டது. அதன் நீளம் 200 மீற்றருக்கு மேற்பட்டது. அத்தகைய கப்பல் ஒரே வேளையிற் பல சிற்றலைகளின் மீது படிந்து செல்வதால் அவற்றை அது பொருட்படுத்துவதில்லை. இக்காலத்து உல்லாசக் கப்பல்களிற் பெரும்பாலானவற்றின் இருபுறமும் நீருக்கடியில், மீனின் செட்டை போன்ற தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை உருளலைப் பெரிதும் அடக்கும். ஆனால் எழுந்து இறங்கும் அசைவை அவற்றால் அடக்க முடியாது. ஆகவே எவ்வளவு பெரிய கப்பலானாலும் நெடுங்கடற் பேரலையில் மயக்கம் வருதல் கூடும். அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே சிறிய கப்பலொன்று ஓடத் தொடங்கியது. வாடைக்காலம் நெருங்கியதும் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆந் திகதியே மீண்டும் தொடங்கியது. கடலின் பருவத்துக்கு மனிதர் இன்னும் அடங்கியே நடக்க வேண்டியிருக்கிறது.

கப்பலேறுவோர் செய்யத் தக்கவை யாவை? கண்ணையும் காதையும் ஒரே சாட்சி சொல்லச் செய்வதே எல்லாப் பரிகாரங்களுக்கும் மூலம். தட்டுக்கு வந்து அடிவானத்தை நோக்கினால், காது உணரும் அசைவைக் கண்ணும் காணும், முரண்பாடு குறையும். அது இயலாவிடில், கண்ணை மூடித் தலையை அசைக்காமற் படுத்திருத்தல் நன்று. நூல் வாசித்தலும் கைபேசியை உற்றுநோக்குதலும் ஆகா. வயிறு முட்ட உண்ணுதலும் தவறு. முழுப் பட்டினி கிடத்தலும் தவறு. சிறிது உலர்ந்த பிஸ்கற்று, சிறிது இஞ்சித் தேநீர் போதுமானவை. சத்தி எடுத்தவருக்கு நீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுத்தல் வேண்டும்.

மருந்துகளும் உண்டு. டைமென்ஹைட்ரினேட் என்ற மருந்தின் இக்குணம் 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தற்செயலாக அறியப்பட்டது. தோல் தடிப்புக்காக அதனை உட்கொண்ட ஒரு பெண்மணிக்கு, டிராம் வண்டியில் வழக்கமாக வரும் மயக்கம் வராமற் போயிற்று. அதன்பின் அதே ஆண்டு துருப்புக் கப்பலொன்றில் அது பரிசோதிக்கப்பட்டது. இத்தகைய மருந்தை மயக்கம் வந்தபின் அன்று, புறப்படுவதற்கு முன்னரே உட்கொள்ள வேண்டும். அது உறக்கத்தை வருவிக்கும். கர்ப்பிணிகளும் முதியோரும் கண்ணழுத்த நோயுள்ளோரும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. குழந்தைகளுக்கும் அவ்வாறு கொடுக்கலாகாது. கரையேறிய பின்னும் சத்தி நில்லாது தொடருமாயின், அது கடல் மயக்கம் என்று இருந்துவிடாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கடலையே காணாதவர்களுக்கும் இவ்வறிவு பயன்படும். நாவுலவிலிருந்து மாத்தளை வழியாகக் கண்டிக்குச் செல்லும் பஸ்ஸில், வளைவு தோறும் முகம் வெளிறும் சிறுவனுக்கு நேர்வதும் இதுவே. இரண்டு வயதுக்குப் பின் பன்னிரண்டு வயது வரையிலான பருவத்திலேயே இம்மயக்கம் மிகுதி. சாரதிக்கு அது வருவதில்லை. அடுத்த வளைவை அவர் முன்னரே அறிகிறார். ஆகவே சிறுவனை முன்னிருக்கையில் அமர்த்தி, பாதையை நேராக நோக்கச் செய்து, யன்னலைத் திறந்துவிட்டாற் பாதித் துன்பம் தீரும். அவனைக் கேலி செய்வதால் எதுவும் தீராது.

உடன் பிரயாணம் செய்யும் ஒருவர் மயங்கும்போது, தம் நல்ல இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்து, ஒரு மிடறு நீர் அளிப்பது எவருக்கும் இயலும். தோணியின் நெருக்கத்தில் கடல் கடந்து, பின்னர் நாவுலவின் ஊடாகக் கால்கடுக்க நடந்தவர்களுக்கு அன்று கிடையாத உதவி அது. இன்று அதை அளிக்கக் கடலறிவு சிறிதும், மனம் பெரிதும் இருந்தாற் போதும்.