கப்பில் சேரும் கறுப்புத் தண்ணி: சின்ன உப்புநீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் மாட்டுவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

அரியாங்குப்பத்துலேர்ந்து பேசுறேன். பின்னாடி லேசா 'சர்ர்ர்'னு ஒரு சத்தம் கேட்கும். மைக் பிரச்சினை இல்ல, என் தொட்டியோட புரோட்டீன் ஸ்கிம்மர். இன்னைக்குப் பேச்சே அதைப் பத்திதான், அதனால நிறுத்தாம விட்டுட்டேன்.

சின்னதா ஒரு உப்புநீர்த் தொட்டி வைக்கணும்னு ஆசைப்படறவங்க கேக்கற கேள்வி பெரும்பாலும் ரெண்டுதான். "ஸ்கிம்மர் வாங்கி ஒரு வாரம் ஆச்சு, கப்புல ஒண்ணுமே சேரல, என்ன பண்ண?" இது ஒண்ணு. "ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன், காலைல ஹால் முழுக்க உப்புத் தண்ணி" இது இன்னொண்ணு. எனக்கு ரெண்டும் நடந்திருக்கு. கூடவே மூணாவதா ஒண்ணும் நடந்துச்சு. முதல் தொட்டியில ரெண்டு கோமாளி மீனும் செத்துப் போச்சு. அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல இந்த மெஷின் என்ன பண்ணுதுன்னு பாத்துடுவோம்.

வீராம்பட்டினத்து நுரை

எங்க ஊர்லேர்ந்து கிழக்கால போனா வீராம்பட்டினம் கடற்கரை. காத்து பலமா அடிக்கற நாள்ல, அதுவும் மழைக்கு அப்புறம் ஆத்துத் தண்ணி கடல்ல கலக்கற சமயத்துல, கரையோரம் பழுப்பா நுரை ஒதுங்கும். 2019 கடைசியில சென்னை மெரினாவுல கரை நெடுக நுரை ஒதுங்கி, அதுல பசங்க விளையாடின படங்கள் எல்லா செய்தியிலயும் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? மழைத் தண்ணியோட சேர்ந்து கழிவும் சோப்பும் கடலுக்குள்ள போனதால வந்த நுரைன்னு அப்ப சொன்னாங்க. ஒருநாள் வீராம்பட்டினத்துல வலை சரிபண்ணிட்டிருந்த அண்ணன் ஒருத்தர்கிட்ட, "ஏண்ணே இப்படி நுரைக்குது?"ன்னு கேட்டேன். "ஆத்து அழுக்கு வந்தா நுரைக்கும் தம்பி. தண்ணி சுத்தமா இருந்தா எவ்வளவு அலை அடிச்சாலும் நுரை நிக்காது"ன்னாரு. ஸ்கிம்மரோட மொத்த அறிவியலும் அந்த ஒரு பதில்ல இருக்கு.

வீட்டுலயே இதைப் பாக்கலாம். பருப்பு கொதிக்கும்போது மேல நுரை கட்டும், அம்மா கரண்டியால வழிச்சு எடுத்துப் போடுவாங்க. வெல்லம் காய்ச்சற இடத்துல கரும்புச்சாறு கொதிக்கறப்ப அழுக்கு மேல திரண்டு வரும், அதை அள்ளி வெளிய தள்ளுவாங்க. கரைஞ்சு கிடக்கற பொருள் சிலது நுரையோட ஒட்டிக்கிட்டு மேல வரும். வழிச்சா வெளிய போயிடும். விட்டா மறுபடி உள்ளேயே கலந்துடும்.

மீன் கழிவு, மிஞ்சின தீனி, பாசி விடற சளி, இதுலேர்ந்து வர்ற புரத மூலக்கூறு பலதுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம் தண்ணியை விரும்பும், இன்னொரு பக்கம் தண்ணியை வெறுக்கும். அதனால தண்ணியும் காத்தும் சந்திக்கற இடத்துல போய் ஒட்டிக்கும். ஸ்கிம்மர் அந்தச் சந்திப்பை லட்சக்கணக்கான குட்டிக் குமிழிகளா உருவாக்கித் தருது. குமிழி எவ்வளவு சின்னதோ, ஒட்டிக்கொள்ள இடம் அவ்வளவு அதிகம். உப்புத் தண்ணியில குமிழிகள் சீக்கிரம் ஒண்ணோட ஒண்ணு சேராது. நல்ல தண்ணியில சேர்ந்து பெருசாகி உடைஞ்சுடும். வீட்டுல தங்கமீன் வளர்க்கறவங்களுக்கு இந்த மெஷின் உதவாததுக்கு அதுதான் காரணம்.

உள்ளே நடக்கறது எளிமையானது. ஒரு பம்ப் தண்ணியை வேகமா தள்ளும். வேகமா போற இடத்துல அழுத்தம் குறையும், அங்க ஒரு மெல்லிய குழாய் வழியா காத்து தானா உள்ள இழுபடும். ஊசி ஊசியா இருக்கற பம்ப் சக்கரம் அந்தக் காத்தைத் தூளாக்கும். நுரை உடம்புப் பகுதியில ஏறி, குறுகலான கழுத்து வழியா மேல இருக்கற கப்புல விழும். சுத்தமான தண்ணி கீழ் வால்வு வழியா திரும்பிப் போகும். அவ்வளவுதான்.

உங்களுக்கு இது தேவையா?

நேர்மையா சொல்றேன். 60, 70 லிட்டர் தொட்டி, ரெண்டு சின்ன மீன், வாராவாரம் பத்துலேர்ந்து பதினைஞ்சு சதவீதம் தண்ணி மாத்தற பழக்கம், இது மூணும் இருந்தா ஸ்கிம்மர் இல்லாமலே ஓட்டலாம். காசு மிச்சம்.

ஆனா நம்ம ஊர்ல அது பக்கம் சாய வைக்கற காரணங்கள் ரெண்டு இருக்கு. ஒண்ணு சூடு. 30 டிகிரியில நல்ல தண்ணியில லிட்டருக்குச் சுமார் ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். கடல் தண்ணியில ஆறு சொச்சம்தான். மே மாசத்து அரியாங்குப்பத்துல ஏசி இல்லாத ரூம்ல தொட்டி எவ்வளவு சூடாகும்னு நான் சொல்லத் தேவையில்ல. ஸ்கிம்மர் அழுக்கை எடுக்கறதோட, நாள் முழுக்கத் தண்ணிக்குக் காத்தும் ஊட்டுது.

ரெண்டாவது, பாறை. வெளிநாட்டு வீடியோக்கள்ல உயிருள்ள பவளப்பாறைத் துண்டுகளைப் போட்டு, அதுல இருக்கற பாக்டீரியாவை நம்பி ஓட்டுவாங்க. இங்க பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. கடல்லேர்ந்து எடுக்கறதும் விக்கறதும் குற்றம். யாராவது மலிவா தர்றேன்னு சொன்னாலும் வாங்காதீங்க. நாம செயற்கைப் பாறை, செராமிக் வளையம்னு காலி இடத்துலேர்ந்துதான் தொடங்கறோம். பாக்டீரியா வந்து குடியேறி முழு பலத்துக்கு வர நாளாகும். அந்த நாள்கள்ல அழுக்கு அழுகறதுக்கு முன்னாடியே வெளிய எடுக்கற ஒரு கை இருந்தா நல்லது.

மீனும் அப்படித்தான். கடல்ல பிடிச்ச மீனைவிடப் பண்ணையில பொரிச்ச கோமாளி மீனைக் கேட்டு வாங்குங்க. நமக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையத்துலயே கோமாளி மீனைப் பொரிச்சு வளர்த்துக் காட்டியிருக்காங்க.

மாட்டற முறை

பெட்டியைப் பிரிச்சதும் நேரா தொட்டியில போடாதீங்க. தயாரிப்புல ஒட்டின எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். எண்ணெய் நுரைக்கு எமன். பாதி தண்ணி, பாதி வினிகர் கலந்து ஒரு பக்கெட்டுல ரெண்டு மணிநேரம் ஓடவிட்டு, நல்லா அலசிடுங்க. சோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது இடம். தொட்டிக்குக் கீழ சம்ப் இருந்தா, மேலேர்ந்து தண்ணி வந்து விழற முதல் அறையில வைங்க. கார்பன் அதுக்கு அப்புறம் வரட்டும். எவ்வளவு ஆழத்துல நிக்கணும்னு ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் ஒரு அளவு குறிச்சிருப்பாங்க. அதைவிட ஆழமா இருந்தா அடியில ஏதாவது வச்சு உசத்துங்க. நான் வெட்டின பிவிசி குழாய்த் துண்டு நாலு வச்சிருக்கேன்.

இப்ப சொல்லப்போறதை மட்டும் எழுதி வச்சுக்கோங்க: ஸ்கிம்மர் நிக்கற இடத்துல தண்ணி மட்டம் மாறக்கூடாது. கப் காலியா கிடக்கறதுக்கும் பொங்கி வழியறதுக்கும் முதல்ல பாக்க வேண்டிய காரணம் இதுதான். தண்ணி ஆவியாகி மட்டம் ஒரு விரல் இறங்கினா நுரை கழுத்துக்கு எட்டாது. நீங்க வால்வைத் திருகி நுரையை ஏத்துவீங்க. சாயந்திரம் தண்ணி ஊத்துவீங்க, மட்டம் ஏறும், பொங்கிடும். அதனால சம்புல தடுப்புக் கண்ணாடி வச்ச, மட்டம் மாறாத அறையில வைங்க. சம்ப் இல்லாம தொட்டி ஓரத்துல தொங்கவிடற ரகம்னா, கண்ணாடியில டேப் ஒட்டிக் கோடு போட்டுக்கோங்க. காலையும் மாலையும் அந்தக் கோடு வரைக்கும் ஆர்.ஓ. தண்ணி ஊத்துங்க. உப்புத் தண்ணி இல்ல. ஆவியா போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கு.

காத்துக் குழாயோட நுனி தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும். ஒயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவா தொங்கட்டும். ஒயர் வழியா வழியற உப்புத் தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், பிளக்குக்குள்ள போகாது.

இனி ஆன் பண்ணுங்க. வெளியேறும் வால்வு முழுசா திறந்திருக்கட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டே வாங்க. குமிழியும் நுரையும் பிரியற கோடு கழுத்தோட அடிப்பகுதிக்கு வந்ததும் நிறுத்துங்க. நிறுத்திட்டு அங்கேர்ந்து எழுந்து போயிடுங்க.

நான் போகல. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் திருகினேன். புது ஸ்கிம்மருக்குப் பழக மூணு நாள்லேர்ந்து ரெண்டு வாரம் வரைக்கும் ஆகும். உள்பக்கச் சுவர்ல ஒரு மெல்லிய படலம் படியணும், அதுக்கப்புறம்தான் நுரை நிதானமா ஏறும். முதல் நாளே பொறுமை இழந்து வால்வை இறுக்கினேன், ராத்திரி பொங்கி ஹால் நனைஞ்சுது. அப்பா எழுந்து வந்து வழுக்கி விழத் தெரிஞ்சாரு. "மீனை வளர்க்கறியா, வீட்டைக் கடலாக்கறியா?"ன்னாரு. நியாயமான கேள்வி.

பழகினதுக்கு அப்புறம் கப்புல சேர்றதைப் பாருங்க. வெளிர் டீ மாதிரி நிறைய சேர்ந்தா நுரை ரொம்ப ஈரமா வருது, கோட்டைக் கொஞ்சம் இறக்கலாம். கடுங்காப்பி நிறத்துல, மூக்கைப் பிடிக்க வைக்கற நாத்தத்தோட கொஞ்சமா சேர்ந்தா சரியா இருக்கு. ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் கப்பையும் கழுத்தையும் துடைச்சுடுங்க, கழுத்துல பிசுக்கு ஏறினா நுரை மேல வராது. காத்துக் குழாய் நுனியில உப்பு படிஞ்சு அடைச்சுக்கும், வெந்நீர் விட்டா கரைஞ்சுடும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் பம்பைக் கழட்டி வினிகர்ல ஊறவைங்க. தீனி போட்ட உடனேயோ, எண்ணெய்க் கையைத் தண்ணிக்குள்ள விட்டதாலயோ நுரை திடீர்னு அடங்கினா பயப்படாதீங்க. சில மணிநேரத்துல திரும்பும். வால்வைத் தொடாதீங்க.

கரண்ட் போனா

சம்ப் வச்சவங்க இதைக் கட்டாயம் சோதிச்சுப் பாக்கணும். பம்ப் நின்னா மேல்தொட்டித் தண்ணி கொஞ்சம் சம்புக்கு இறங்கும். மட்டம் ஏறி ஸ்கிம்மர் ஆழமா முங்கும். கரண்ட் வந்ததும் ஒரே மூச்சுல பொங்கி, கப்புல இருந்த மூணு நாள் அழுக்கும் திரும்பத் தண்ணிக்கே போயிடும். அதனால ஸ்கிம்மருக்குத் தனி ஸ்விட்ச் வைங்க. மேல தண்ணி ஏத்தற பம்ப் ஓடிப் பத்துப் பதினைஞ்சு நிமிஷம் கழிச்சு, மட்டம் பழையபடி ஆனதும் போடுங்க. நீங்க வீட்டுல இருக்கும்போதே மெயின் ஸ்விட்சை ஒருதரம் அணைச்சுப் போட்டுப் பாத்துடுங்க. புயல் மழைக்காலத்துக்கு பேட்டரியில ஓடற ஒரு சின்ன ஏர் பம்ப் கையில இருக்கட்டும். ஸ்கிம்மரும் நின்ன நேரத்துல மீனைக் காப்பாத்தறது அதுதான்.

செத்துப்போன ரெண்டு மீன்

இப்ப அந்தக் கதை. தொட்டி வச்சுப் பத்தாவது நாள். ஸ்கிம்மர் ஓடுது, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. 'மெஷின்தான் சுத்தம் பண்ணுதே'ன்னு கோமாளி மீன் ரெண்டை வாங்கிட்டு வந்து விட்டேன். மூணாம் நாள் ஒண்ணு மூலையில சாஞ்சு வேகமா மூச்சு வாங்குச்சு. அன்னைக்குத்தான் முதல்முறையா அமோனியா டெஸ்ட் பண்ணேன். குழாய்ல தண்ணி பச்சையா மாறிச்சு. மஞ்சளா இருந்திருக்கணும். அடுத்த ரெண்டு நாள்ல ரெண்டும் போயிடுச்சு.

எனக்குப் புரியாம போனது இதுதான். ஸ்கிம்மர் எடுக்கறது, நுரையில ஒட்டற கரிமப் பொருளை. மீன் செவுள் வழியா நேரா தண்ணியில விடற அமோனியா நுரையில ஒட்டாது. அதை நைட்ரைட்டாவும், அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தறது பாக்டீரியா. அது பெருகறதுக்கு நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகலாம். அந்த வாரங்களை எந்த மெஷினும் நமக்காகக் குறைச்சுத் தராது. தண்ணி தெளிவா இருந்தா சுத்தமா இருக்குன்னு அர்த்தமில்ல. டெஸ்ட் கிட்டுல அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டின பிறகுதான் மீன். அதுவும் ஒரு சமயத்துல ஒண்ணு ரெண்டு.

இன்னைக்கு என் தொட்டியில ரெண்டு மீன் இருக்கு, ரெண்டும் பண்ணையில பொரிச்சது. காலைல காபி போட்டதும் நான் முதல்ல பாக்கறது மீனை இல்ல, கப்பை. ராத்திரி அதுல எவ்வளவு சேர்ந்திருக்கோ, அவ்வளவும் அதுங்க மூச்சு விடற தண்ணியிலேர்ந்து வெளிய வந்தது. அதைக் கொட்டி, கழுத்தைத் துடைச்சு, கோடு வரைக்கும் தண்ணி ஊத்தறேன். ரெண்டு நிமிஷ வேலை.

நீங்க மாட்டும்போது ஏதாவது சிக்கினா, உங்க தொட்டி அளவு, ஸ்கிம்மர் நிக்கற தண்ணி ஆழம், கடைசி டெஸ்ட் அளவுகள், இந்த மூணையும் சேர்த்து எழுதி அனுப்புங்க. அது இல்லாம யாராலயும் சரியா பதில் சொல்ல முடியாது. அடுத்த எபிசோட்ல உப்புத் தண்ணி கலக்கறதைப் பத்திப் பேசலாம். வீராம்பட்டினம் பக்கத்துலதானே, ஒரு கேன்ல கடல் தண்ணியை மொண்டுக்கிட்டு வந்தா என்னன்னு கேக்கறவங்களுக்கும் அதுல பதில் இருக்கு. அதுவரைக்கும் அந்த வால்வைத் தொடாதீங்க. வணக்கம்.