பாரிடோன் குரலைக் கேளுங்கள்



1979-ஆம் ஆண்டு. அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரம். டயர் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். அந்த ஊரைச் சேர்ந்த ஒரு பாட்டுக் குழு, தேவாலயங்களிலும் பள்ளி அரங்குகளிலும் கிறிஸ்தவ நற்செய்திப் பாடல்களைப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்தது. குழுவின் பெயர் கதீட்ரல் குவார்ட்டெட். ரசிகர்கள் சுருக்கமாக கதீட்ரல்ஸ் என்பார்கள். அந்த ஆண்டு அதிலிருந்து மூன்று பேர் சேர்ந்தாற்போல விலகினார்கள். டெனர் பாடிய ராய் ட்ரெம்பிள், பாரிடோன் பாடிய ஜார்ஜ் ஏமன் வெப்ஸ்டர், பியானோ வாசித்த லோர்ன் மாத்யூஸ். மூவரும் தனியாக ஒரு குழு தொடங்கப் போய்விட்டார்கள்.

மிஞ்சியவர்கள் இரண்டே பேர். லீட் பாடும் க்ளென் பெய்ன், ஐம்பதைத் தாண்டியவர். பாஸ் பாடும் ஜார்ஜ் யவுன்ஸ், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். நால்வர் குழுவில் இருவர் போய், பியானோவும் போய்விட்டால் கடையைக் கட்டுவதுதான் வழக்கம். இவர்கள் கட்டவில்லை. இருபது வயதுக்காரர்களைத் தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகள்தான் கதீட்ரல்ஸ் குழுவின் பொற்காலம்.

ஒரே பெயரில் பாடிய அந்த வெவ்வேறு அணிகளை எப்படி ஒப்பிட்டுக் கேட்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இந்த இசையைப் பற்றிக் கொஞ்சம். இதற்கு சதர்ன் காஸ்பல் என்று பெயர். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில், கிராமத்து வெள்ளையர் சபைகளில் வளர்ந்த பாட்டு. டென்னஸி மாநிலத்தின் லாரன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஜேம்ஸ் டி. வான் என்பவர் பாட்டுப் புத்தகங்கள் அச்சிட்டு விற்றுவந்தார். புத்தகம் விற்க வேண்டுமானால் பாட்டு மக்கள் காதில் விழ வேண்டும் அல்லவா? 1910-இல் அவர் நான்கு ஆண்களைச் சம்பளம் கொடுத்துப் பாட அனுப்பினார். தொழில்முறை நால்வர் குழு என்பது அங்கிருந்து தொடங்கியது. புத்தக விற்பனைக்காகப் போன குழுக்கள் போகப்போகப் புத்தகத்தைவிடப் பெரிய ஆட்களாகிவிட்டன. அந்தப் புத்தகங்களில் ஏழு ஸ்வரங்களுக்கும் ஏழு வடிவங்கள் இருக்கும். முக்கோணம், சதுரம், வட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். வடிவத்தைப் பார்த்ததும் ஸ்வரம் தெரிந்துவிடும். பருத்திக் காட்டில் வேலை செய்தவர்களும் சில வாரப் பயிற்சியில் நான்கு குரலில் பாடக் கற்றது அப்படித்தான். நம் ஊர்ச் சபைகளின் பாடகர் குழுவில் டானிக் சோல்ஃபா பார்த்து டோ, ரே, மி என்று படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். க்ளென் பெய்ன் டல்லஸ் நகரின் ஸ்டாம்ப்ஸ்-பாக்ஸ்டர் இசைப் பள்ளியில் இந்த முறையில் பயின்றவர்.

இனி நான்கு குரல்கள். லீட் மெட்டைப் பாடுகிறது. டெனர் அதற்கு மேலே நிற்கிறது. பாஸ் அடியில் தரை போடுகிறது. இந்த மூவரும் எடுத்துக்கொண்டது போக எந்த ஸ்வரம் மிஞ்சுகிறதோ அது பாரிடோனுக்கு. பாரிடோனின் பகுதியைத் தனியாகப் பாடச் சொல்லிக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் நிற்கும், திடீரென்று எங்கோ தாவும். ஆனால் அதை எடுத்துவிட்டால் மொத்தக் கட்டடமும் பொள்ளலாகிவிடும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை நாம் கவனிப்பதில்லை. ஒத்து நின்றுபோனால் உடனே கவனிக்கிறோம். பாரிடோனும் ஏறக்குறைய அப்படித்தான்.

அணிகளை ஒப்பிடும் ரசிகர்கள் எப்போதும் டெனரைப் பற்றியே பேசுகிறார்கள். இவர் எவ்வளவு உயரம் போனார், அவர் எவ்வளவு நேரம் பிடித்து நின்றார் என்று. அது இயல்புதான், உச்சி தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் ஒரு குழுவின் குணத்தை நிர்ணயிப்பது உச்சி மட்டும் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். கதீட்ரல்ஸ் கதையே அதற்குச் சாட்சி.

குழு பிறந்தது 1960-களின் தொடக்கத்தில். ஏக்ரனை ஒட்டிய கயஹோகா ஃபால்ஸில் ரெக்ஸ் ஹம்பார்ட் என்ற தொலைக்காட்சிப் போதகர் கதீட்ரல் ஆஃப் டுமாரோ என்ற பிரமாண்டமான ஆலயத்தை நடத்திவந்தார். அங்கே பாட அமைந்த மூவர் குழுவில் க்ளென் பெய்ன், டெனர் பாபி கிளார்க், பாரிடோனும் பியானோவும் பார்த்துக்கொண்ட டேனி கோக்கர் ஆகியோர் இருந்தார்கள். 1964-இல் வட கரோலினாக்காரரான யவுன்ஸ் பாஸ் பாட வந்து சேர, மூவர் நால்வரானார்கள். 1969-இல் ஆலயத்தை விட்டு வெளியேறிச் சொந்தக் காலில் நின்றார்கள். எழுபதுகளில் வரவு குறைவு, ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பத்தாண்டை இத்தோடு விடுகிறேன். நல்ல பாடகர்கள் இருந்தார்கள், ஆனால் குழுவுக்கென்று ஒரு நாதம் இன்னும் அமையவில்லை.

1979-க்குப் பின் வந்து நிலைத்தவர்கள் மூவர். டெனர் கிர்க் டாலி, பாரிடோன் மார்க் டிராமெல், பியானோ ரோஜர் பென்னட். எல்லாரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். பெய்ன் அவர்களுக்கு அப்பா வயதுக்காரர். இந்த இடத்தில் ஒரு வாய்ப்பு தானாக அமைந்தது. டாலி 1983-இல் விலகித் தன் அண்ணன், அண்ணியுடன் டாலீஸ் என்ற குடும்பக் குழுவைத் தொடங்கினார். அவர் இடத்துக்கு டேனி ஃபண்டர்பர்க் வந்தார். மற்ற மூன்று குரல்களும் அப்படியே இருந்தன. லீட் அதே ஆள், பாஸ் அதே ஆள், பாரிடோன் அதே ஆள். டெனர் மட்டும் வேறு. ஒரு குரல் மாறினால் குழுவுக்கு என்ன ஆகும் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

டாலியின் குரல் மிருதுவானது. வெண்ணெய் உருகுவதுபோல மற்ற குரல்களுக்குள் இறங்கிவிடும். அவர் பாடும்போது டெனர் எங்கே முடிகிறது, பெய்னின் குரல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. பாட்டு எழுதத் தெரிந்தவர் என்பதால் சொல்லின் எடையும் அவருக்குத் தெரியும். ஃபண்டர்பர்க் அப்படியல்ல. அவர் குரலில் உடல் பலம் இருக்கும். மேல் ஸ்தாயியில் ஏறி நின்று அறைவார், அரங்கு எழுந்து நிற்கும். இப்போது மற்றவர்களைக் கவனியுங்கள். டாலியோடு பாடும் பெய்ன் ஓரளவு அடக்கியே பாடுகிறார். ஃபண்டர்பர்க் வந்த பிறகு அவரும் குரலைத் திறந்து எக்காளம்போல ஒலிக்கிறார். டிராமெல்லும் அப்படித்தான். முன்பு நடுவில் இழைந்து கிடந்த அவர் குரல், பின்னால் ஒரு தனிச் சுவராக எழுந்து நிற்கிறது. மாறியவர் ஒருவர். ஆனால் நான்கு பேர் பாடும் விதமும் மாறிவிட்டது.

டாலி காலத்துக்கு 1983-இல் வந்த லைவ் இன் அட்லாண்டா பதிவு நல்ல சான்று. டயான் வில்கின்சன் எழுதிய 'வி ஷல் ஸீ ஜீசஸ்' என்ற பாட்டு அதில்தான் இருக்கிறது. அது பெய்னின் அடையாளமாகவே ஆகிவிட்ட பாட்டு. மற்ற மூவரும் அவரை எப்படித் தாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஃபண்டர்பர்க் காலத்துக்கு 1987-இல் வந்த சிம்ஃபனி ஆஃப் பிரெய்ஸ். முழு ஆர்கெஸ்ட்ராவின் பின்னணியில் நான்கு மனிதக் குரல்கள் அமுங்காமல் நிற்கின்றன. டாலியின் அணியால் அந்த ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி ஒலித்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். இதில் பியானோ மட்டும் வேறு கை. பென்னட் சில ஆண்டுகள் விலகியிருந்த இடைவெளியில் ஜெரால்ட் வுல்ஃப் வாசித்தார். 'சாம்பியன் ஆஃப் லவ்' பாட்டில் தனிக்குரலும் அவருடையதுதான்.

எது உயர்ந்தது என்று கேட்டால் நான் தயங்காமல் டாலியின் அணி என்பேன். பிரமாண்டம் ஃபண்டர்பர்க் அணியில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நால்வர் பாடி ஒரு குரலாகக் கேட்பது நால்வர் இசையின் ஆதி ஆசை. அது 1980 முதல் 1983 வரை அந்தக் குழுவுக்குக் கைகூடியது.

1990-ஐ ஒட்டி டெனரும் பாரிடோனும் இருவருமே மாறினார்கள். டிராமெல் போனதுதான் பெரிய இழப்பு. டெனர் இடத்துக்கு எர்னி ஹாஸ், பாரிடோனுக்கு ஸ்காட் ஃபவுலர். இருவர் குரலும் எடை குறைந்தது. ஹாஸின் டெனர் மெல்லிய கம்பிபோல உயரே போகும். 'ஓ வாட் எ சேவியர்' என்ற பாட்டில் அவர் பேர் வாங்கினார். அது முன்பு ஸ்டேட்ஸ்மன் என்ற மற்றொரு நால்வர் குழுவின் ரோஸி ரோஸலுக்கு அடையாளமாக இருந்த பாட்டு. இந்தக் கடைசி அணியைப் பழைய ரசிகர்கள் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. அப்போது பெய்ன் அறுபதுகளில் இருந்தார். யவுன்ஸுக்கு இதயமும் சிறுநீரகமும் தொல்லை கொடுத்தன. இரண்டு முதியவர்களின் குரலை அமுக்காமல், ஒட்டியே நடந்துபோகும் இளங்குரல்கள் அவர்களுக்கு வேண்டியிருந்தன. ஃபவுலர் அதைத்தான் செய்தார். ஃபண்டர்பர்க்கும் டிராமெல்லும் அதே முழு பலத்தோடு 1998-இல் பாடியிருந்தால் பெரியவர்கள் இருவரும் காணாமல் போயிருப்பார்கள்.

டெனர், பாரிடோன் மாறினால் குழு தாங்கும். பாஸ் மாறினால்? பிளாக்வுட் பிரதர்ஸ் என்ற இன்னொரு நால்வர் குழுவுக்கு அது கொடூரமாக நேர்ந்தது. 1954 ஜூன் 30 அன்று அலபாமா மாநிலம் கிளான்டனில் அவர்களுடைய விமானம் விழுந்து நொறுங்கியது. பாரிடோன் ஆர். டபிள்யூ. பிளாக்வுட்டும் பாஸ் பில் லைல்ஸும் இறந்தார்கள். லைல்ஸ் இடத்துக்கு ஜே. டி. சம்னர் வந்தார். பாதாளத்திலிருந்து வருவதுபோன்ற குரல் அவருக்கு. தரை அவ்வளவு கீழே இறங்கியதும் மொத்தக் கட்டடமும் வேறாகிவிட்டது. பெரிய குழுவாகவே தொடர்ந்தார்கள், ஆனால் அது வேறு குழு. கதீட்ரல்ஸுக்கு அந்த நிலை வரவில்லை. 1964 முதல் 1999 வரை 35 ஆண்டுகள் லீடும் பாஸும் மாறவே இல்லை. அந்த இரண்டு தூண்களுக்கு நடுவில்தான் இத்தனை பேர் வந்து பாடிப் போனார்கள்.

யவுன்ஸின் உடல்நிலை காரணமாக 1999-இல் குழு விடைபெறும் சுற்றுப்பயணத்தை அறிவித்தது. ஆனால் அந்தப் பயணத்தின் நடுவே பெய்ன்தான் ஈரல் புற்றுநோயில் படுத்தார். அந்த ஆண்டு லூயிவில் நகரில் நடந்த தேசிய நால்வர் குழு மாநாட்டுக்கு அவரால் வர முடியவில்லை. மருத்துவமனைக் கட்டிலிலிருந்து தொலைபேசியில் பாடினார். ஆயிரக்கணக்கானோர் நிறைந்த அரங்கம் அந்த ஒலிபெருக்கிக் குரலைக் கேட்டு அழுதது. அக்டோபர் 15 அன்று காலமானார். ஐந்து நாள் கழித்து அவருக்கு 73 வயது நிறைந்திருக்கும். ஆண்டு முடிவோடு கதீட்ரல்ஸும் நின்றது.

விலகிப் போனவர்களும் கடைசிவரை இருந்தவர்களும் வீணாகப் போகவில்லை. வுல்ஃபும் டிராமெல்லும் கிரேட்டர் விஷன் மூவர் குழுவில் சேர்ந்து பாடினார்கள். ஃபவுலரும் பென்னட்டும் லெகஸி ஃபைவ் தொடங்கினார்கள். யவுன்ஸின் மருமகனான ஹாஸ் பின்னாளில் சிக்னேச்சர் சவுண்ட் குழுவை அமைத்தார். யவுன்ஸும் ஓய்ந்துவிடவில்லை. ஜேக் ஹெஸ் என்ற மற்றொரு நற்செய்திப் பாடகரோடும் மருமகனோடும் ஓல்ட் ஃபிரண்ட்ஸ் குவார்ட்டெட்டில் மறுபடி பாஸ் பாடினார். 2005 ஏப்ரலில் மறைந்தார்.

நேயர்களே, வாய்ப்பு கிடைத்தால் மூன்று பதிவுகளை வரிசையாகக் கேளுங்கள். 1983-இன் லைவ் இன் அட்லாண்டா. 1987-இன் சிம்ஃபனி ஆஃப் பிரெய்ஸ். 1999-இல் நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் பதிவான விடைபெறும் கச்சேரி. டெனரை ஒருமுறை ரசித்துவிட்டு ஒதுக்கிவையுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது நடுவில் ஒளிந்திருக்கும் அந்த ஒரு குரலைத் தேடுங்கள். முதல் இரண்டிலும் அது மார்க் டிராமெல். மூன்றாவதில் ஸ்காட் ஃபவுலர்.