தையல் இயந்திரம் பிறந்த ஊர்



திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்கூடங்களின் வாயிலில் தொங்கும் அறிவிப்புகளை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். "சிங்கர் டெய்லர் தேவை; ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை" என்று அவை கூறும். உள்ளே சென்று பார்த்தாலோ, சிங்கர் என்னும் பெயர் பொறித்த இயந்திரத்தைக் காண்பது அரிது. ஜப்பானியப் பெயர் தாங்கிய ஜூக்கியோ, தைவான் நாட்டுச் சிருபாவோ, சீனத்து ஜாக்கோ அங்கே ஓடிக்கொண்டிருக்கும். ஆயினும் ஒற்றை ஊசித் தையல் தைப்பவர் எவராயினும் அவர் "சிங்கர் டெய்லர்"தான். சரக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இயந்திரம் வாங்கக் கடைக்குச் செல்லும் நம் தாய்மார் முதலிற் கேட்பது, "இது எந்த ஊர்ச் சரக்கு?" என்பதே. அக்கேள்வி எவ்வளவு தூரம் பொருளுடையது என்பதை இன்று ஆராய்வோம்.

அதற்கு முன், தையல் விழும் விதத்தைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். ஊசி துணியைத் துளைத்து இறங்கிச் சற்றே மேலெழும்போது, அதன் காதருகே நூல் தளர்ந்து ஒரு சிறு வளையமாக நிற்கிறது. அந்தக் கணத்திலே கொக்கியின் முனை வந்து வளையத்தைப் பற்றி, பாபினைச் சுற்றி இழுத்துச் செல்கிறது. மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. தொழிற்கூட இயந்திரங்களில் ஊசிக்கும் கொக்கிமுனைக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி ஏறத்தாழ 0.04 முதல் 0.1 மில்லிமீட்டர், நம் தலைமயிரின் பருமன் என்று கொள்ளலாம். நிமிடத்திற்கு 5,000 தையல் தைக்கும் இயந்திரத்தில் இது நொடிக்கு எண்பது முறைக்கு மேல் நிகழ்கிறது. கொக்கியோ ஒரு தையலுக்கு இருமுறை சுற்றுவதால் நிமிடத்திற்கு 10,000 சுற்றுச் சுழல்கிறது! இடைவெளி கூடினால் தையல் விட்டுப்போகும்; குறைந்தால் ஊசி உராய்ந்து முறியும். இயந்திரத்தின் தரம் என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மயிரிழை எத்தனை ஆண்டு பிறழாதிருக்கும் என்பதையே பொறுத்தது.

அது பிறழாதிருக்க வேண்டுமாயின் இயந்திரத்தின் உடல் பிறழாதிருக்க வேண்டும். வார்ப்பிரும்பு உடலை அச்சிலிருந்து எடுத்தவுடன் அதனுள்ளே ஓர் இறுக்கம் தங்கியிருக்கும். அப்படியே கடைந்து துளையிட்டால், நாளடைவில் உடல் சிறிதே முறுக்கிக்கொள்ள, தண்டு ஓடும் துளைகள் நேர்கோட்டை விட்டு விலகும். ஆதலால் வார்ப்பைச் சில காலம் கிடக்கவிட்டோ, உலையிலிட்டு மெல்லக் குளிரச் செய்தோ, அதன் பின்னரே கடைவது முறை. இதைக் கோயமுத்தூர்ப் பவுண்டரிக்காரர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை. வர்ணம் பூசியபின் கண்ணுக்குத் தெரியாத வேலை இது. விலையைக் குறைக்க எண்ணுபவருக்கு விட்டுவிடும் ஆசை எழுவதும் இவ்விடத்திலேதான்.

ஐசக் சிங்கர் 1851-இல் அமெரிக்காவில் தம் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். உலகப்புகழ் பெற்ற அவர் நிறுவனத்தில், பல்லாண்டுகள் வரை, தொழிலாளர் அரங்கொண்டு உறுப்புகளை ஒவ்வொன்றாக அராவியே பொருத்தினர். ஓர் இயந்திரத்தின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தாது. அளவுமானிகளைக் கொண்டு எல்லா உறுப்புகளையும் ஒரே அளவில் ஆக்கும் முயற்சி 1880-களில்தான் வலுப்பெற்றது. 1885-இல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் பேராலை திறந்தனர். அது 1980-இல் மூடப்பட்டது. உங்கள் வீட்டிலே பாட்டியார் காலத்துக் கருநிறச் சிங்கர் இருக்குமாயின், அதன் மேலுள்ள எழுத்தையும் எண்ணையும் கொண்டு, அது ஸ்காட்லாந்தில் பிறந்ததா, அமெரிக்காவில் பிறந்ததா, எந்த ஆண்டு என்று அறிந்துகொள்ளலாம். இரு நாட்டிலும் செய்தவை இன்றும் ஓடுகின்றன. வரைபடமும் அளவுமானியும் கடல் கடந்து சென்றதால், தரமும் உடன் சென்றது.

ஜப்பானின் கதை இன்னும் சுவையானது. இரண்டாம் உலகப் போருக்குப்பின், படைக்கலம் செய்த ஆலைகள் பல தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பின. 1938-இல் தோன்றிய ஜூக்கியும் அத்தகையதே. சிங்கரின் வீட்டு இயந்திரம் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு, எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவானதோர் அளவுத்திட்டம் வகுத்தனர். ஒரு பட்டறையின் தண்டு வேறொரு பட்டறையின் உடலில் பொருந்திற்று. 1957-இல் ஏற்றுமதிச் சரக்கைச் சோதிப்பதற்கென்றே சட்டம் இயற்றினர். போர் முடிந்த புதிதில் "ஜப்பான் சரக்கு" என்றால் மலிவுச் சரக்கு என்று அமெரிக்கர் முகஞ்சுளித்தனர். பின்னர் அதே சொல்லை நம்பிப் பணம் கொடுத்தனர். இதிலே ஒரு சிக்கலும் உண்டு. ஜப்பானியப் பெயர் தாங்கிய இயந்திரங்கள் பல இன்று சீனத்திலும் தைவானிலும் வியட்நாமிலும் உருவாகின்றன. பெட்டியின் மேலுள்ள பெயர் ஒரு நாட்டினது. உள்ளிருக்கும் பொருள் வேறு நாட்டினது.

நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் ஜெய் எஞ்சினியரிங் தொழிற்சாலை உஷா இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. பஞ்சாபின் லூதியானாவில் சிறு பட்டறைகள் பல உறுப்புகளைச் செய்ய, வேறு சில அவற்றைக் கோத்து இயந்திரமாக்குகின்றன. இம்முறையால் விலை குறையும். சிற்றூரிலும் உதிரி உறுப்பு கிடைக்கும். ஏழை வீட்டுக்கு இது சிறு நன்மையன்று. ஆனால் பட்டறைக்குப் பட்டறை அளவு மாறினால், கோப்பவர் அரத்தை எடுக்கத்தான் வேண்டும். 1860-களின் சிங்கர் நிலைக்கே திரும்புகிறோம். நம் கோவையிலோ, 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தனர். 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தோன்றி நூற்பு இயந்திரங்களை ஆக்கலாயிற்று. நூற்கும் இயந்திரத்தை வார்த்தெடுக்கும் நாடு, தைக்கும் இயந்திரத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்குவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. சோளமும் பருத்தியும் விளைந்த எங்கள் சரவணம்பட்டியில் இன்று கணினி நிறுவனங்கள் நிற்கின்றன. பொறியியல் பயிலும் இளைஞர்கள் இதனைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

1924-இல் ஜி. இராமச்சந்திரன் என்னும் இளைஞர் காந்தியடிகளிடம், இயந்திரம் அனைத்தையுமே எதிர்க்கிறீர்களா என்று வினவினார். பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவர் அவர். அடிகள் சிங்கர் தையல் இயந்திரத்தை விலக்காகக் காட்டினார். இளைஞர் விடவில்லை: அதைச் செய்வதற்கு ஓர் ஆலை வேண்டுமே என்றார். ஆம், வேண்டும், ஆனால் அவ்வாலை அரசின் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்பது அடிகளின் விடை. பெண்ணின் கைக்கு ஓய்வு தரும் கருவி எங்கே, யாரால் செய்யப்படுகிறது என்ற கேள்வி அப்பொழுதே எழுந்துவிட்டது.

அது இன்று உங்கள் தோளின் மேலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர் தைக்கின்றனர். அவர்களுக்குக் கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று. தையல் விட்டுப்போனால் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அந்த நேரத்திற்குக் கூலி இல்லை. நான் பணியாற்றிய பள்ளியின் தையல் ஆசிரியை, "ஐயா, இயந்திரம் மலிவு, நூலும் ஊசியும் நேரமுமே விலை" என்பார். கணவனை இழந்தோருக்கும் ஆதரவற்றோருக்கும் அரசு இலவசமாகத் தரும் இயந்திரத்திற்கும் இது பொருந்தும். வாங்கும்போது விலைப்புள்ளியின் கடைசி எண்ணை மட்டும் பார்த்தல் தகாது என்பது என் கருத்து.

கடைக்குச் செல்வோர் செய்யத்தக்க சோதனை எளிது. நூலில்லாமற் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுக. ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் தண்டு நேராக இல்லை. ஊசித்தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க. பிறகு மெல்லிய வாயில் துணி ஒன்று, நான்காய் மடித்த தடித்த துணி ஒன்று, இரண்டிலும் ஒரு முழம் தைத்து, அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க. இரு புறமும் ஒன்றுபோல் இருந்தால், அதன் பின்னர் ஊர்ப்பெயரைக் கேட்கலாம். உதிரி உறுப்பு எங்கே கிடைக்கும் என்பதையும் மறவாமற் கேளுங்கள்.